மான் தடத்தில் வைக்கும் காமிராவை எத்தனை நாட்களுக்கொரு முறை பார்வையிடுவது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மத்திய மேற்குப் பிரதேசமென வழங்கும் அயோவா, இல்லினாய், விஸ்கான்ஸின் முதலிய ராஜ்யங்களில் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் பெருவாரியாகப் பயிராகின்றன. வயல்களுக்கிடையே ஓடைக்கரைகளிலும் மேட்டுச் சரிவுகளிலும் கருவாலி மரத் தோப்புகள் துண்டு துண்டாக நிற்கின்றன. பகலெல்லாம் இத்தோப்புகளிற் படுத்திருந்து, பொழுது சாய்ந்ததும் வயலில் இறங்கி மேயும் வெள்ளைவால் மான்கள் அவ்விடத்துக் குடியானவர்களுக்கு நெடுநாளைய தொந்தரவாகும். சோயா மொச்சையின் இளஞ்செடியை வித்திலைகளுக்குக் கீழே கடித்துவிடின் அது மறுபடி துளிர்ப்பதில்லை. மக்காச்சோளத்திலோ, கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் அதன் நுனியைத் தின்று, மிச்சத்தைப் பூஞ்சணத்திற்கும் பறவைகளுக்கும் விட்டுச் செல்கின்றன. தோப்பையடுத்த முதற் சில வரிசைகளிலேயே சேதம் மிகுதி. ஆகையால் சிறு வயல் வைத்திருப்பவருக்கே நஷ்டம் உறைக்கிறது.

இம்மான்கள் ஒரு காலத்தில் அருகிப்போயிருந்தன. கடைச்சரக்காக இறைச்சிக்கும் தோலுக்கும் வரம்பின்றிச் சுட்டமையால் 1900-ஆம் வருஷத்தையொட்டி அக்கண்டத்தில் மொத்தம் 5 லக்ஷத்திற்கு மேற்படாதென மதிக்கப்பட்டது. அவ்வருஷத்தில் இயற்றப்பெற்ற லேஸி சட்டமும், பிறகு ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஏற்பட்ட வேட்டை விதிகளும், மான்களைப் பிடித்துக் கொண்டுபோய் வெறுங்காடுகளில் விட்ட முயற்சியும் சேர்ந்து, இப்போது சுமார் 3 கோடியாகப் பெருக்கியுள்ளன. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான விவசாயப் பிரதேசங்களில் இல்லாதபடியால் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் லைசென்ஸ் பெற்ற வேட்டையொன்றே. எத்தனை பிணைகளைச் சுடலாமென்பதை ராஜ்ய இலாகாவினர் வருஷந்தோறும் பகுதிவாரியாக நிர்ணயிக்கின்றனர். விஸ்கான்ஸினில் பயிர்ச் சேதத்திற்கு நஷ்டஈடு பெற விரும்பும் நிலச்சுவான்தார் தம் நிலத்தில் வேட்டைக்கு இடங்கொடுக்கவேண்டுமென்ற நிபந்தனையும் உண்டு.

ஆகவே தம் நிலத்தில் எத்தனை மான்கள் உள, கலையெத்தனை, பிணையெத்தனை, எவ்வழியாக எந்நேரத்தில் வருகின்றன என்பவற்றை நிலத்துக்குடையவரும் அவரது அனுமதி பெற்ற வேட்டைக்காரரும் அறிந்திருத்தல் அவசியமாகிறது. குளம்புத் தடம், புழுக்கை, மரத்தில் கொம்பு தேய்த்த வடு ஆகியவற்றைக் கொண்டே முற்காலத்தில் துப்புப் பார்த்தனர். சென்ற 30 வருஷங்களுக்குள் இவ்வேலையின் பெரும்பகுதி தடக் காமிராவின் பொறுப்பாகிவிட்டது.

கருவியின் தன்மை

தடக் காமிரா என்பது ஏறக்குறைய செங்கல் அளவான ஒரு பெட்டி. மரத்தில் வாரினாற் கட்டிவைப்பார்கள். உஷ்ண வேறுபாட்டையும் அசைவையும் ஒருங்கே உணரும் உறுப்பொன்று அதன் முகப்பில் அமைந்துள்ளது. பிராணியின் தேகவுஷ்ணம் சுற்றுப்புறத்தினின்றும் வேறுபட்டிருப்பதால், அது குறுக்கே நடந்தவுடன் கருவி விழித்துப் படம் பிடிக்கிறது. இரவில் அகச்சிவப்புக் கதிரை வீசிக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுக்கும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் தேதியும் மணியும் பதிவாகும். பலவற்றில் வெப்பநிலையும் பிறையளவுங்கூடப் பதிவாவதுண்டு. படங்களெல்லாம் எஸ்.டி. கார்டு என்னும் சிறு தகட்டிற் சேகரமாகின்றன.

மான் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்யும் யோசனை புதிதன்று. பென்ஸில்வேனியாவைச் சேர்ந்தவரும் 1903 முதல் 1905 வரை அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினராயிருந்தவருமான ஜார்ஜ் ஷைராஸ் என்பார், மிச்சிகன் ராஜ்யத்து ஏரிக்கரைகளில் தடத்தின் குறுக்கே நூல் கட்டி, மான் அதில் இடறியவுடன் ஒளிமருந்து பற்றிப் படம் விழும்படி ஏற்பாடு செய்தார். அவர் எடுத்த படங்களில் 74, 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகையின் 1906 ஜூலை இதழில் வெளிவந்தன. இந்தியாவில் ஐக்கிய மாகாணத்து வன இலாகாவைச் சேர்ந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்பார் 1920-க்கு மேற்பட்ட வருஷங்களில் இம்முறையாலேயே புலிகளைப் படமெடுத்தார். இவர்கள் காலத்தில் நூல் ஒருமுறை அறுந்தால் ஒரு படம்; மறுபடி தகடும் மருந்தும் மாற்றினாலொழிய இரண்டாவது படம் இல்லை. ஆகவே தினந்தோறும் போய்ப் பார்ப்பது தவிர்க்கமுடியாததாயிருந்தது. பிலிம் சுருள் காமிரா வந்தபோது 24 அல்லது 36 படம் கிடைத்தது. காற்றில் ஆடும் புல்லே பாதிச் சுருளைத் தின்றுவிடுமாதலால் அப்போதும் சில தினங்களுக்கொரு தடவை போகவேண்டியிருந்தது. இன்று ஒரு கார்டில் ஆயிரக்கணக்கான படம் தங்குகிறது. நல்ல பாட்டரிகள் மாதக்கணக்கில் உழைக்கின்றன. கருவிக்காகப் போகவேண்டிய நிர்ப்பந்தம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. இருந்தும் பலர் பழையபடியே வாரத்திற்கிருமுறை தோப்பினுள் நுழைகின்றனர். இதற்குக் காரணம், அதிலே என்ன விழுந்திருக்கிறதென்னும் ஆவலேயன்றி வேறன்று.

அடிக்கடி போவதனால் விளையும் கெடுதி

மானுக்குக் கண்ணைவிட மூக்கே காவல். மனிதன் நடந்துசென்ற வழியிலும், கைபட்ட கிளையிலும், தொட்ட பெட்டியிலும் அவனது வாடை வெகுநேரம் தங்கும். வயோதிகக் கலை இவ்வாடையை ஓரிரு முறை மோந்தறிந்தால் அவ்விடத்தைவிட்டு உடனே ஓடிப்போவதில்லை. ஓடினால் வேட்டைக்காரருக்குத் தெரிந்துவிடுமே! அது செய்வது வேறு. பகலில் வந்துகொண்டிருந்தது இரவில் வரத் தொடங்கும். அல்லது தடத்திற்கு 50 கஜம் ஒதுங்கிக் காற்றுக்கெதிராகச் சுற்றிப் போகும். காமிராவில் படம் குறைவதைக் கண்டவர், கருவியை வைத்த இடம் சரியில்லையென்றெண்ணி இன்னும் உள்ளே கொண்டுபோய்க் கட்டுகிறார். தாமே துரத்தியதைத் தாமே தேடியலையும் இவ்வேடிக்கை பல பண்ணைகளில் வருஷந்தோறும் நடைபெறுகிறது.

தென் கரோலினாவில் கலைகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி பூட்டி ஆராய்ச்சி செய்தவர்கள், வேட்டைக்காரர் ஒருவர் பரணில் அமர்ந்து போனபின் சுமார் 3 தினங்கள் வரை கலைகள் அப்பரணையடுத்த இடத்தைப் பகலில் தவிர்த்தனவெனக் கண்டனர். பரணில் அமர்வது வேறு, கார்டு மாற்றிவிட்டுத் திரும்புவது வேறு என்பது மெய்யே. ஆயினும் மூன்று தினங்களுக்கொரு முறை உள்ளே நுழைபவர் அவ்விடத்தை மான் மறப்பதற்கு அவகாசமே கொடுப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

போகாமலேயிருந்துவிடுவதிலும் கெடுதியுண்டு. பாட்டரி தீர்ந்தது தெரியாமற் போகும். சிலந்தி முகப்பில் வலை பின்னும். கரடி பெட்டியைப் புரட்டும். செடி வளர்ந்து கண்ணாடியை மறைத்து, ஆடும் இலையை ஐயாயிரம் தடவை படமெடுத்து வைத்திருக்கும். திருட்டும் உண்டு. ஜூன் மாதத்திற் கட்டி நவம்பரில் அவிழ்த்துப் பார்த்து, ஜூன் 20-ஆம் தேதியோடு படம் நின்றுவிட்டதைக் கண்டவருக்கு ஒரு வருஷ உழைப்பு வீண்.

எத்தனை நாள் என்பது இடத்தைப் பொறுத்தது

இரண்டு வாரத்திற்கொரு முறை என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பொதுவாக வழங்கும் கணக்கு. அது தவறன்று, ஆனால் எல்லா இடத்திற்கும் ஒரே கணக்கு என்பதே தவறு. காமிரா எங்கு நிற்கிறதென்பதை முதலிற் பார்க்கவேண்டும்.

வயலோரத்தில், டிராக்டரோ மோட்டார் வண்டியோ சாதாரணமாகப் போய்வரும் வரப்பையொட்டி வைத்த காமிராவை வாரமொரு முறை பார்ப்பதனாற் பாதகமில்லை. அங்குள்ள மான்களுக்கு டிராக்டர் பழகிய பொருள். வண்டியிலிருந்து இறங்காமலே கார்டை மாற்றக்கூடிய விதமாக வேலிக்கம்பத்தில் கட்டிவைப்பவர் புத்திசாலி. உரமிடவோ, களைக்கொல்லி தெளிக்கவோ, வைக்கோற்கட்டு ஏற்றவோ போகும்போதே இதையும் முடித்துக்கொள்ளலாம். பயிர்ச் சேதத்தை மாத்திரம் அறிய விரும்பும் குடியானவருக்கு இவ்வகைக் காமிரா ஒன்றோ இரண்டோ போதும். தோப்பினுள் அவர் கால் வைக்கவேண்டிய அவசியமேயில்லை.

படுக்கையிடத்திற்கும் மேய்ச்சலுக்கும் இடையேயுள்ள தடத்தில் வைத்தவற்றை 2 அல்லது 3 வாரத்திற்கொரு முறை பார்ப்பது தகும். அதற்கு மேலாகக் கவனிக்கவேண்டியவை நேரமும் காற்றும். காலையிலும் அந்தியிலும் மான்கள் நடமாடுமாகையால் அவ்வேளைகளில் போகலாகாது, நண்பகலே உசிதம். காற்று, போகிறவரிடமிருந்து படுக்கையிடத்தை நோக்கி வீசும் தினத்தில் பயணத்தை ஒத்திவைக்கவேண்டும். மழை வரும் முன் போய்த் திரும்பினால் மழை வாடையைக் கழுவிவிடும். பலமான காற்றடிக்கும் தினத்தில் காலடியோசை அமுங்கிப்போம். முழங்காலளவு ரப்பர் பூட்ஸ் அணிந்து, கிளைகளைக் கையாலொதுக்காமல், பெட்டியைக் கையுறையோடு தொடுவது அனுபவசாலிகளின் வழக்கம். அங்கேயே நின்று படங்களைப் பார்த்துக் காலங்கழிப்பது கூடாது. வேறொரு காலிக் கார்டைப் போட்டுப் பழையதைச் சட்டைப்பையிலிட்டு, வந்த வழியே திரும்பி, வீட்டிற் பார்த்துக்கொள்ளலாம்.

படுக்கையிடத்தின் விஷயத்தில் இன்னும் கடுமை வேண்டும். அங்கு வேனிற்காலத்திற் புதிய லிதியம் பாட்டரியோடு கட்டிய காமிராவை வேட்டைப் பருவம் முடியும்வரை தொடாமலேயிருப்பது சிறந்தது. ஐந்து மாதத்திற்குப் பின் கிடைக்கும் படத்தினால் அவ்வருஷம் என்ன பயன் எனக் கேட்கலாம். பயன் மறுவருஷத்தில். முதிர்ந்த கலை ஒரே தோப்பின் ஒரே மூலைக்கு வருஷந்தோறும் ஏறக்குறைய அதே வாரத்தில் வருவதைப் பலர் கண்டிருக்கின்றனர். மூன்று வருஷப் படங்களைத் தேதிவாரியாக ஒரு நோட்டிற் குறித்துவைத்தவருக்கு நான்காம் வருஷம் காமிராவே வேண்டியதில்லை என்றுகூடச் சொல்லலாம். அவசரப்படுவோர் இந்நோட்டை எழுதுவதில்லை. கார்டை அழித்துவிட்டு மறுபடி போடுகின்றனர்.

பருவத்தாலுண்டாகும் வேறுபாடு

ஜூன் முதல் ஆகஸ்டு வரை கலைகள் தமக்குள் கூட்டங் கூடி, பஞ்சு போன்ற தோல் போர்த்த கொம்புகளோடு, தினந்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சோயா மொச்சையில் இறங்கும். இக்காலத்துப் படம் பார்ப்பதற்கு அழகானது, நம்பத்தகாததும் இதுவே. செப்டம்பர் ஆரம்பத்தில் கொம்பின் தோல் உரிந்துபோகும், கூட்டம் கலையும், மொச்சையிலை பழுக்கும், கருவாலிக் கொட்டைகள் உதிரத் தொடங்கும். ஆகஸ்டில் ஐந்து கலைகளைப் படத்திற் கண்டவர் அக்டோபரில் ஒன்றையும் காணாமல், அண்டை நிலத்தார் திருட்டு வேட்டையாடிவிட்டனரெனச் சந்தேகிப்பதுண்டு. மான் ஒரு மைல் தூரத்திலுள்ள கருவாலித் தோப்புக்குக் குடிபெயர்ந்திருக்கும், அவ்வளவே. ஆகவே வேனிற்படங்களை வாரந்தோறும் எடுத்துப் பார்ப்பதில் லாபமில்லை. 3 வாரத்திற்கொரு முறை போதும்.

அக்டோபர் பிற்பகுதியிலிருந்து கலைகள் தரையைக் குளம்பாற் பறித்துச் சிறுநீர் விட்டு, மேலே தொங்கும் கிளையில் முகத்தைத் தேய்த்து அடையாளமிடும். இவ்விடங்களில் வைக்கும் காமிராவில் அப்பகுதியிலுள்ள அநேகக் கலைகளும் ஒருமுறையேனும் அகப்படும், பெரும்பாலும் இரவில். நவம்பர் மத்தியில் வட ராஜ்யங்களில் இணைகூடும் பருவம் உச்சமடைகிறது. அப்போது கலை பிணையைத் தொடர்ந்து பகலென்றும் இரவென்றுமின்றி அலைவதால், இன்று விழுந்த படம் நாளைக்கு உதவாது. சங்கடம் இதுதான்: செய்தி வெகு சீக்கிரத்தில் பழசாகும் பருவமும், உள்ளே நுழைவதனால் பெருங்கெடுதி விளையும் பருவமும் ஒன்றே. இப்பருவத்தில் காமிராவுக்கென்று தனியே போகாமல், பரணுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ உள்ளதை மாத்திரம் பார்ப்பதென வரையறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

நவம்பரில் மற்றொரு சில்லறைத் தொல்லையும் உண்டு. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச்சு மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையில் பின்னே திருப்புகின்றனர். காமிராவின் கடிகாரம் தானே திரும்பாவிடின், அதன்பின் விழும் படங்களிலெல்லாம் ஒரு மணி பிசகும். பரணேறும் நேரத்தைப் படத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவருக்கு இது அற்ப விஷயமன்று.

செல்போன் மூலம் படத்தை உடனுக்குடன் அனுப்பும் காமிராக்கள் வந்தபின் இந்தக் கேள்வியே ஒழிந்துவிட்டதென்று சிலர் கருதுகின்றனர். உண்மையில் பாதிதான் ஒழிந்தது. போகாமலே பார்க்க முடிகிறது என்பது பெரிய அனுகூலமே. ஆயின் மாதக்கட்டணம் உண்டு. பள்ளத்தாக்குகளில் அலை எட்டுவதில்லை. படம் அனுப்புவதால் பாட்டரி விரைவிற் கரைகிறது. சிறு சூரியத் தகடு இணைத்தால் இக்குறை ஓரளவு நீங்கும். சூரியனுக்கெதிரே நின்று வெண்மையாகிப்போகும் படங்களைத் தவிர்க்க, இவ்வகையாயினும் மற்றெவ்வகையாயினும் காமிராவின் முகத்தை வடக்கு நோக்கி வைப்பது நலம். தரையிலிருந்து சுமார் 3 அடி உயரமும், எதிரே புல்லைச் செதுக்கிய தரையும் மானுக்குப் பொருந்தும்.

தொகை மதிப்பிடும் முறை

தடத்தை அறிவது ஒன்று. மொத்தத் தொகையை மதிப்பிடுவது மற்றொன்று. பின்னதற்கு மிஸிஸிப்பி ராஜ்ய சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் வகுத்து 1997-இல் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. 100 ஏக்கருக்கு ஒரு காமிரா வீதம் வைத்து, எதிரே மக்காச்சோளத்தைக் கொட்டி, மான்கள் பழகச் சில தினங்கள் விட்டுப் பின் 14 தினங்கள் தொடர்ந்து படமெடுப்பார்கள். ஒரே மான் நின்றபடி நூறு படங்களை நிரப்பாதிருக்க, ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் 5 நிமிஷ இடைவெளியேனும் அமைப்பது வழக்கம். கலைகளைக் கொம்பின் கிளைகளைக் கொண்டு தனித்தனியே அடையாளங் காணலாம், பிணைகளைக் காணவியலாது. கலைகளின் விகிதத்தைக் கொண்டே பிணைகளின் தொகையைக் கணிப்பதில்தான் இம்முறையின் சாமர்த்தியம் இருக்கிறது.

உதாரணமாக 400 ஏக்கரில் 4 காமிராக்களில் 14 தினங்களில் கலைகள் 180 படங்களிலும், பிணைகள் 240 படங்களிலும், கன்றுகள் 150 படங்களிலும் விழுந்திருப்பதாகக் கொள்வோம். கொம்பைப் பார்த்துப் பிரித்ததில் வெவ்வேறான கலைகள் 12 எனின், ஒரு கலைக்குச் சராசரி 15 படம் ஆகிறது. அவ்விகிதப்படி பிணைகள் 16, கன்றுகள் 10, மொத்தம் 38. ஒருமுறைகூட காமிராவின் முன் வராத கலை சில இருக்குமாதலால் உண்மைத் தொகை இதற்குச் சற்று மேலேயேயிருக்கும். நிலத்துக்குடையவர் எத்தனை பிணைகளைக் குறைக்கவேண்டுமென்பதை இத்தகைய கணக்கையும், வயலில் கண்ட சேதத்தையும், தோப்பில் இளங்கன்றுகள் தழைக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கின்றனர். நல்ல தீனி கிடைக்குமிடத்தில் வளர்ந்த பிணை இரட்டைக் குட்டி ஈனுவது சாதாரணமாதலால், ஒரு வருஷம் கணக்கைத் தவறவிட்டால் மறுவருஷ விளைச்சலில் அது தெரியும்.

இம்முறையில் மக்காச்சோளம் தீருமுன் மூன்று நான்கு தினங்களுக்கொரு முறை போய் நிரப்பவேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் காமிராவையும் பார்த்துவிடலாம். இரண்டு வாரத்தோடு முடியும் வேலையாதலாலும், தீனியின் ஆசை வாடையின் அச்சத்தை ஓரளவு மீறுவதாலும் இங்கே அடிக்கடி போவது குற்றமாகாது.

ஆயினும் தீனி வைப்பதை எங்கும் செய்துவிடலாகாது. மான்களின் மூளையைக் கடற்பஞ்சுபோல் துளைத்துக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் ஒன்று 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் காணப்பட்டு, 2002-இல் விஸ்கான்ஸினில் இருப்பதாக வெளியாகி, பின் பல ராஜ்யங்களிலும் பரவியுள்ளது. இதற்கு மருந்தில்லை. எச்சில், மூத்திரம் இவற்றால் பரவுவதாலும், மண்ணில் நெடுங்காலம் தங்குவதாலும், பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைக்கும்படி தீனியிடுவதைப் பல ராஜ்யங்கள் தடுத்தோ கட்டுப்படுத்தியோ இருக்கின்றன. விதியை அறியாமல் மூட்டையை அவிழ்ப்பவர் அபராதத்தோடு நோயையும் விலைக்கு வாங்குகிறார்.

சட்டமும் சர்க்கார் காமிராக்களும்

போய்ப் பார்க்கும் தடவைகளே சட்டத்திற்குக் காரணமான இடமும் உண்டு. அரிஜோனா ராஜ்யம் வறட்சிப் பிரதேசம். அங்கு மானும் மாடும் குடிப்பது தொலைவில் ஒன்றிருக்கும் குட்டைகளிலும் தொட்டிகளிலுமே. ஒரே குட்டையைச் சுற்றிப் பலர் காமிராக்களைக் கட்டி, ஆளுக்கொரு நாளாகக் கார்டு மாற்ற வந்துபோனதால், கோடையில் பிராணிகள் நீரண்டவே அஞ்சும் நிலை ஏற்படுவதாகப் புகார் எழுந்தது. ஒவ்வொருவரும் தாம் எப்போதாவது ஒருமுறைதான் போவதாக எண்ணினர். குட்டைக்கோ தினமும் மனிதர் வருகை. வேட்டைக்கு உதவியாகத் தடக் காமிராவை உபயோகிப்பதையே அந்த ராஜ்ய வேட்டைக் கமிஷன் 2021-இல் தடுத்துத் தீர்மானித்தது. 2022 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. நெவாடாவிலும் யூடாவிலும் வருஷத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்திருக்கின்றனர்.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு விஸ்கான்ஸினில் உள்ளது. 2016 முதல் அந்த ராஜ்யத்து இயற்கை வள இலாகா பொதுஜனங்களின் கையில் காமிராக்களைக் கொடுத்து வருஷம் முழுவதும் காடுகளிலும் பண்ணைகளிலும் வைக்கச் செய்கிறது. இவர்கள் தீனி வைப்பதில்லை. மூன்று மாதத்திற்கொரு முறையேனும் கார்டையும் பாட்டரியையும் மாற்றினால் போதுமென்பது ஏற்பாடு. பிணையொன்றுக்குக் கன்று எத்தனை என்னும் விகிதத்தை இப்படங்களிலிருந்து இலாகாவினர் கணிக்கின்றனர். வேட்டைக்காரர் மூன்று தினம் பொறுக்கமாட்டாத இடத்தில் சர்க்கார் மூன்று மாதம் பொறுக்கிறது. அறியவேண்டிய கேள்வி வேறாதலால் அவகாசமும் வேறு என்பதே இதன் தாத்பரியம்.

நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை தடுக்கப்பட்டுள்ளதால், மேற்கண்டவற்றில் வேட்டையைப் பற்றிய பகுதி இங்கு எவருக்கும் பொருந்தாது. காமிரா மட்டும் பொருந்தும். வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தறியும் முறையை உல்லாஸ் காரந்த் என்பார் நாகரஹொளேயில் 1990-க்கு மேற்பட்ட வருஷங்களில் நிலைநாட்டினார். 2018-ஆம் வருஷத்து அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைத்து 3 கோடியே 48 லக்ஷத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தனர். காட்டையடுத்த பட்டா நிலத்தில் இரவில் பயிரை அழிப்பது பன்றியா, மானா, முள்ளம்பன்றியா என்று தெரியாமல் வாதிடும் கிராமங்களில், வரப்போரத்தில் வைத்த ஒரு காமிராவின் தேதியிட்ட படம் அவ்வாதத்தை ஒரே இரவில் தீர்க்கும். வயலோரக் காமிராவை வாரமொரு முறை பார்க்கலாமென்ற கணக்கே இங்கும் போதுமானது. ஆனால் யானை நடமாடும் இடமாயின், போகும் நேரம் நண்பகலாகவும், போகிறவர் இருவராகவும் இருத்தல் வேண்டும்.

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வெள்ளைவால் கலைகள் கொம்பை உதிர்க்கின்றன. அப்போது வேட்டைப் பருவம் முடிந்திருக்கும். தரையில் பனி படிந்திருக்கும். ஐந்து மாதமாகத் தொடாத படுக்கையிடத்துக் காமிராவை அவிழ்க்க இதுவே தருணம். கூசாமல் உள்ளே நடந்து, எல்லாத் தடங்களையும் பனியில் பார்த்து, உதிர்ந்த கொம்பைப் பொறுக்கிக்கொண்டு, பாட்டரிகளைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை உலர்ந்த இடத்தில் வைக்கின்றனர். பாட்டரியைக் கழற்ற மறந்து ஜூனில் எடுத்துப் பார்த்தால் பச்சைப் பூத்து உள்ளெல்லாம் அரித்திருக்கும்.